கும்பகோணத்துப் பழைய வங்கியும் டெல்டாவின் வங்கிக் கட்டடங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்துக்கு வருகிறவர்கள் கோயிலுக்கு வழி கேட்பார்கள், டிகிரி காபி எங்கே என்று கேட்பார்கள். இந்த ஊரில் பிறந்த சிட்டி யூனியன் வங்கியைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. ஆனால் கேட்க ஆரம்பித்தவர்கள் லேசில் விடுவதில்லை. அப்படி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

கும்பகோணத்தில் வங்கித் தெரு என்று ஒன்று உண்டா?

அந்தப் பெயரில் தெரு கிடையாது. சென்னையில் முதல் கடற்கரைச் சாலை, அதாவது இன்றைய ராஜாஜி சாலை, பணத்துக்கென்றே வளர்ந்த இடம். துறைமுகம் எதிரே, கம்பெனிகள் வரிசையாக, நடுவில் பெரிய பெரிய வங்கிகள். கும்பகோணத்தில் அந்த வேலையைக் கடைத்தெருக்களே பார்த்துக்கொண்டன. டி.எஸ்.ஆர். பெரிய தெரு 149-ஆம் எண்தான் சிட்டி யூனியன் வங்கியின் பதிவு அலுவலக முகவரி. அதைச் சுற்றிப் பாத்திரக் கடை, ஜவுளிக் கடை, நகைக் கடை, அடகுக் கடை எல்லாம் நடக்கிற தூரத்தில்.

இந்தக் கடைத்தெருக்களே கோயிலை ஒட்டி வளர்ந்தவை. ராமசாமி கோயிலுக்கும் சக்கரபாணி கோயிலுக்கும் நடுவே போகிற சின்னக் கடைத் தெரு நாயக்கர் காலத்தில், அமைச்சர் கோவிந்த தீட்சிதர் ஏற்படுத்திய வணிக வீதி என்பார்கள். அதனால் பணம் புழங்கும் இடம் என்று தனியாக ஒரு பேட்டை பிரியவே இல்லை. தேர் போகிற பாதைக்குப் பக்கத்திலேயே பேரேடும் இருந்தது.

வங்கி எப்போது, யாரால் தொடங்கப்பட்டது?

1904 அக்டோபர் 31. அன்றைய பெயர் கும்பகோணம் பேங்க் லிமிடெட். ஊர்ப் பெரியவர்கள் இருபது பேர் கையெழுத்துப் போட்டுப் பதிவு செய்த கம்பெனி. ஆர். சந்தானம் ஐயர், எஸ். கிருஷ்ண ஐயர், வி. கிருஷ்ணசாமி ஐயங்கார், டி.எஸ். ராகவாச்சாரியார் ஆகியோர் அந்த இருபது பேரில் முக்கியமானவர்கள். வெள்ளைக்காரக் கம்பெனியின் முதலீடோ சமஸ்தானத்தின் ஆதரவோ கிடையாது. ஊர்க்காரர்கள் தங்கள் பணத்தைப் போட்டு, தங்களுக்குத் தெரிந்தவர்களுக்குக் கடன் கொடுக்க ஆரம்பித்தார்கள்.

அர்பத்நாட் திவாலானதால்தான் இந்த வங்கி பிறந்தது என்கிறார்களே?

கதை நன்றாக இருக்கிறது, தேதி உதைக்கிறது. மக்களிடம் டெபாசிட் வாங்கி நடந்த சென்னையின் வெள்ளைக்காரக் கம்பெனியான அர்பத்நாட் கதவை மூடியது 1906 அக்டோபர் 22. கும்பகோணம் பேங்க் அதற்கு இரண்டு வருஷம் முந்தியது. சுதேசி இயக்கம் சூடு பிடித்ததும் 1905-க்குப் பிறகுதான்.

அர்பத்நாட் வீழ்ச்சியிலிருந்து பிறந்தது இந்தியன் வங்கி. 1907-இல் அதைக் கட்டி எழுப்பியவர்களில் முன்னணியில் நின்ற வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் கும்பகோணத்துக்குப் பக்கத்துத் திருவிடைமருதூர்க்காரர். பெயர் ஒற்றுமையைப் பாருங்கள்: மேலே சொன்ன கிருஷ்ணசாமி ஐயங்கார் வேறு, இவர் வேறு. குழப்பத்தின் வேர் இதுவாகவே இருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கணிதமேதை ராமானுஜன் இந்த வங்கியில் கணக்கு எழுதினாரா?

இல்லை. 1904-இல் அவர் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ., அதாவது கல்லூரியின் முதல் கட்டப் படிப்பு மாணவர். கணக்கைத் தவிர வேறெதையும் சட்டை செய்யாததால் உதவித்தொகை பறிபோனது. பிற்பாடு 1912-இல் குமாஸ்தாவாகச் சேர்ந்தது சென்னைத் துறைமுக டிரஸ்டில், மாதம் 30 ரூபாய்ச் சம்பளம். அவர் அப்பா வேலை பார்த்ததும் ஒரு ஜவுளிக் கடையில்தான்.

தஞ்சாவூர்தானே தலைநகரம்? வங்கி ஏன் கும்பகோணத்தில்?

தஞ்சாவூரிலும் வங்கி இருந்தது, அதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் கேள்வி நியாயமானது. தஞ்சாவூரில் அரண்மனை இருந்தது, கலெக்டர் இருந்தார். கும்பகோணத்தில் வியாபாரம் இருந்தது.

காவிரியும் அரசலாறும் நடுவில் விட்டு வைத்த ஊர். சுற்றி நாலா பக்கமும் நஞ்சை. நெல், வெற்றிலை, பாக்கு, பித்தளைப் பாத்திரம், பட்டு எல்லாம் இங்கே வந்துதான் கை மாறும். 1866-இலேயே நகராட்சி வந்துவிட்டது. 1877-இல் ரயில் வந்த பிறகு நெல்லை ஒரே நாளில் வெளியூருக்கு அனுப்ப முடிந்தது. போதாததற்குக் கோர்ட். டெல்டாவில் நிலம் இருந்தால் வழக்கும் இருக்கும். வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை, குத்தகை பாக்கி என்று கும்பகோணத்துக் கோர்ட்டுக்கு வராத மிராசுதார் அபூர்வம். வக்கீல்கள் கையில் பணம் சேர்ந்தது. 1854-இல் தொடங்கிய கல்லூரி, ஆங்கிலமும் கணக்கும் தெரிந்த குமாஸ்தாக்களை வருஷா வருஷம் அனுப்பியது.

மிராசுதாரிடம் அறுவடைக்குப் பின் சும்மா கிடக்கும் பணம், வியாபாரியிடம் அறுவடைச் சமயத்தில் பற்றாக்குறை, நடுவில் இருவரையும் தெரிந்த வக்கீல், கணக்கெழுதப் படித்த பையன். ஒரு வங்கிக்கு வேறு என்ன வேண்டும்?

வங்கி வருவதற்கு முன் மக்கள் பணத்தை எங்கே வைத்தார்கள், யாரிடம் கடன் வாங்கினார்கள்?

வைத்தது நிலத்திலும் நகையிலும். ரொக்கத்தைப் பூட்டி வைப்பதை விட நாலு மா நஞ்சை வாங்கிப் போடுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்பது டெல்டாவின் ஆழமான நம்பிக்கை. இன்றைக்கும் அது முழுக்கப் போய்விடவில்லை.

கடனுக்குப் பல வாசல்கள். பெரிய தொகைக்கு நகரத்தார். கல்லிடைக்குறிச்சி பிராமணர்கள் இன்னொரு பெரிய லேவாதேவிக் கூட்டம். வியாபாரிகளின் உண்டியலை வாங்கிக்கொண்டு பணம் தரும் முல்தானி என்ற வடநாட்டு வட்டிக்காரர்களும் மாகாணத்தின் வியாபார ஊர்களில் கடை போட்டிருந்தார்கள். உண்டியல் என்றால் கோயில் உண்டியல் அல்ல, இத்தனை நாள் கழித்து இன்னாருக்கு இன்ன தொகை தருகிறேன் என்று எழுதித் தரும் சீட்டு. அப்புறம் மார்வாடிக் கடை. எல்லாவற்றுக்கும் கீழே ஊருக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல் நடத்திய மிராசுதார், மளிகைக் கடைக்காரர். புரோநோட்டில் ஒரு கையெழுத்து, பக்கத்தில் இரண்டு சாட்சி, வேலை முடிந்தது.

வட்டியை வருஷக் கணக்கில் யாரும் பேச மாட்டார்கள். "ஒரு ரூபாய் வட்டி" என்றால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய், வருஷத்துக்கு 12 சதவீதம். இரண்டு ரூபாய் வட்டி 24. இன்றைக்கும் டெல்டாவில் வங்கி மேலாளர் 9 சதவீதம் என்று சொன்னால், கேட்கிறவர் மனசுக்குள் அதை முக்கால் ரூபாயாக மாற்றிக்கொண்டுதான் தலையாட்டுவார்.

பரஸ்பர உதவி நிதிகளையும் மறக்கக் கூடாது. உறுப்பினர்கள் மாதா மாதம் பணம் கட்டி, தங்களுக்குள்ளேயே கடன் எடுத்துக்கொள்ளும் சங்கங்கள். மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் 1872-இல் தொடங்கியது. அதே மாதிரி நிதிகள் தமிழ்நாட்டின் பல ஊர்களில் முளைத்தன. ஊரார் பணத்தை ஊராரே நிர்வகிக்கலாம் என்ற துணிச்சல் வங்கிகளுக்கு முன்பே இப்படித்தான் பழகியது.

"வரலாற்றுச் சிறப்பு" என்றார்கள், வந்து பார்த்தால் சாதாரணக் கட்டடமாக இருக்கிறதே?

இந்த ஏமாற்றம் பலருக்கும் உண்டு. சென்னை ராஜாஜி சாலையில் இன்று ஸ்டேட் வங்கி இருக்கும் மெட்ராஸ் வங்கிக் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு இன்னும் அதிகம். அது 1890-களில், கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் கைபட்டு, நம்பெருமாள் செட்டியார் கட்டிய இந்தோ சாரசெனிக் மாளிகை. கோபுரம், வளைவு, செங்கல் வேலைப்பாடு எல்லாம் உண்டு. அங்கே வாடிக்கையாளருக்கு வங்கியை நடத்துகிறவர் யாரென்றே தெரியாது. அந்த நிலையில் கட்டடம்தான் நம்பிக்கை தர வேண்டும். ஆனால் ஒன்று, அர்பத்நாட்டுக்கும் பெயருக்குப் பஞ்சமில்லை, கௌரவத்துக்கும் பஞ்சமில்லை. அப்படியும் போனது போனதுதான்.

கும்பகோணத்தில் நிலைமை வேறு. டைரக்டர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார், அவருக்கு எத்தனை வேலி நிலம், பெண்ணை எங்கே கொடுத்திருக்கிறார் என்பது வரை டெபாசிட் போடுகிறவருக்குத் தெரியும். டெபாசிட் போடுகிறவருடைய சங்கதிகள் டைரக்டருக்கும் அத்துப்படி. இங்கே தூண் நிறுத்தி யாரை மயக்குவது? டெல்டாவின் பழைய வங்கிகள் பலவும் வீடு மாதிரியே இருந்ததற்கு என் கணக்கில் முதல் காரணம் இதுதான். சிக்கனம் இரண்டாவது. வாடகைக்கு ஒரு தெரு வீட்டைப் பிடித்து, திண்ணையைக் கிராதி போட்டு அடைத்து, கூடத்தில் கவுண்டர் வைத்தால் கிளை தயார். முற்றத்து வெளிச்சத்தில் குமாஸ்தாக்கள் பேரேடு எழுதுவார்கள்.

ஆகவே இந்தக் கட்டடங்களை வாசலில் நின்று அளக்காதீர்கள். பார்க்க வேண்டியவை உள்ளே இருக்கின்றன.

உள்ளே என்ன பார்க்க வேண்டும்?

முதலில் மேலே. பழைய கட்டடமாக இருந்தால் மெட்ராஸ் டெரஸ் கூரை இருக்கும். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டாக அடுக்கி, சுண்ணாம்புக் காரையால் பிணைத்து, மேலே காரை போட்டு அடித்து இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் காரையில் சேரும். சிமென்ட் இல்லாத காலத்து வேலை. வெயிலைத் தாங்கும், ஆனால் ஐப்பசி அடைமழைக்கு அடிக்கடி பராமரிப்பு கேட்கும். இதன் மேல் மழைநீர் தேங்க விட்டால் உத்திரம் உளுத்துப் போகும். பல கட்டடங்கள் வீணானது இப்படித்தான்.

அடுத்தது பெட்டக அறை. ஊரில் சொல்வது ஸ்ட்ராங் ரூம். வங்கியின் உயிர் அங்கேதான். பொதுவாக வெளிச் சுவரோடு ஒட்டாமல், பக்கத்து வீட்டுச் சுவரையும் தொடாமல், கட்டடத்தின் நடுவில் இருக்கும். ஜன்னல் கிடையாது. காற்றுக்குச் சின்னத் துவாரம், அதிலும் கம்பி. வாசலில் கனத்த இரும்புக் கதவு, அதற்கு உள்ளே இன்னொரு கிராதிக் கதவு. பகலில் இரும்புக் கதவைத் திறந்து கிராதியைப் பூட்டி வைப்பார்கள், காற்று போக. வெளிநாட்டு நகரங்களில் பெட்டக அறையைப் பூமிக்கு அடியில் வைப்பார்கள். டெல்டாவில் அதை நினைத்துப் பார்க்க வேண்டாம். நாலு அடி தோண்டினால் தண்ணீர் வரும் ஊரில் நிலவறையில் நோட்டுக்கட்டை வைத்தால் மார்கழிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் தரைத்தளத்திலேயே, மேடையை உயர்த்திக் கட்டிய அறை.

இந்தக் கதவுக்கு இரண்டு சாவி. ஒன்று ஏஜென்ட்டிடம், ஒன்று காசாளரிடம். கிளை மேலாளரை அந்தக் காலத்தில் ஏஜென்ட் என்பார்கள். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். ஒருவர் விடுப்பில் போனால் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அடுத்தவரிடம் சாவியை ஒப்படைக்க வேண்டும். மாற்றுச் சாவி அதே கட்டடத்தில் இருக்கக் கூடாது, வேறொரு கிளையிலோ வேறு வங்கியிலோ முத்திரையிட்டு வைக்கப்பட்டிருக்கும். காலையில் காசாளருக்கு மாயவரம் ரயில் தாமதமானால் ஊர் வியாபாரமே நிற்கும். இந்த இரட்டைச் சாவி முறை இன்றும் மாறவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் வங்கி காலி செய்து பல வருஷம் ஆகிறது. பெட்டக அறை மட்டும் அப்படியே நிற்கிறது. இடிக்கக் கூலி கேட்டுப் பார்த்து, வீட்டுக்காரர் அந்த யோசனையையே விட்டுவிட்டார். இப்போது உள்ளே விதைநெல் மூட்டையும் கல்யாணத்துக்கு எடுக்கிற பெரிய அண்டா குண்டாவும் இருக்கின்றன. எலி புகாத ஒரே அறை அதுதானாம்.

கவுண்டரில் கல் பலகை பதித்திருக்கிறார்களே, எதற்கு?

வெள்ளி ரூபாயைத் தட்டிப் பார்க்க. 1940 வரை ஒரு ரூபாய் நாணயம் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. நல்ல ரூபாயைக் கல்லில் போட்டால் நீண்டு ஒலிக்கும், கள்ள நாணயம் "டொக்" என்று அடங்கிவிடும். தேர்ந்த காசாளர் பேசிக்கொண்டே காதால் எண்ணுவார். 1940-இல் வெள்ளி பாதியாகக் குறைந்தது, 1947-இல் நிக்கல் வந்தது. அதன் பின் கல்லுக்கு வேலை இல்லை.

கவுண்டரைச் சுற்றிப் பித்தளையிலோ இரும்பிலோ கம்பி வலை, அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு வாய். செக்கைக் கொடுத்தால் எண் பொறித்த பித்தளை டோக்கன் தருவார்கள். பெயரைக் கூப்பிட மாட்டார்கள், எண்ணைத்தான் கூப்பிடுவார்கள். டோக்கனைத் தொலைத்துவிட்டு, பணத்தை எண் மாற்றி இன்னொருவர் வாங்கிப் போய்விடுவாரோ என்று கவுண்டரை விட்டு நகராமல் நின்றவர்கள் கதை டெல்டாவில் எந்த ஊரிலும் கிடைக்கும்.

பேரேடுகளைப் பார்க்கக் கொடுத்து வைத்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 1957 ஏப்ரல் 1-க்கு முந்தைய கணக்குகளில் மூன்று கட்டம் இருக்கும்: ரூபாய், அணா, பை. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை. அந்தக் கணக்கில் வட்டி போட்ட குமாஸ்தாக்களுக்கு எந்தக் கருவியும் துணையில்லை.

நெல்லை அடகு வைக்க முடியுமா? எப்படி நடந்தது?

நடந்தது, இன்றும் வேறு வடிவத்தில் நடக்கிறது. தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் சந்தையில் நெல் குவியும், விலை விழும். வசதி உள்ள மிராசுதாரும் அரிசி ஆலைக்காரரும் உடனே விற்க மாட்டார்கள். ஆனால் கிஸ்தி (நிலவரி) கட்ட வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். அதனால் நெல்லைக் கிட்டங்கியில் அடுக்கி, அதன் பேரில் வங்கியில் கடன் வாங்குவார்கள். மூட்டையை எண்ணி, மதிப்புப் போட்டு, அதில் ஒரு பகுதியைத்தான் கடனாகத் தருவார்கள். கிட்டங்கிக்கு வங்கி தன் பூட்டைப் போட்டுவிடும். சரக்கு வங்கியின் பொறுப்பில் என்று கதவில் பலகை தொங்கும். பத்து மூட்டை விற்க வேண்டுமா? அதற்குரிய பணத்தைக் கட்டினால் வங்கி ஆள் வந்து திறந்து, பத்தை மட்டும் வெளியே விடுவார்.

இதனால் வங்கியின் வருஷமே காவிரியின் வருஷமாக ஓடியது. மேட்டூர் அணை 1934-இல் வந்த பிறகு ஜூன் 12 தண்ணீர்த் திறப்பு ஒரு நாள்காட்டித் தேதி ஆனது. ஆடி, ஆவணியில் நடவுக்குக் கடன் கேட்டு வருவார்கள். தையில் நெல் வாங்க வியாபாரிகளுக்குப் பணம் பறக்கும். மழை மாதங்களில் கவுண்டரில் ஈ ஓட்டலாம். மேட்டூரில் தண்ணீர் இல்லாத வருஷம் என்றால் மே மாதமே ஏஜென்ட்டின் முகத்தில் தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் கடன் கிடைத்ததா?

இல்லை. இதைப் பூசி மெழுக வேண்டியதில்லை. ஈடு காட்ட நிலம், நகை, சரக்கு இருப்பவர்களுக்கான வாசல் அது. நிலம் மிராசுதார் பெயரில், உழுகிறவர் குத்தகைதாரர் அல்லது பண்ணையாள். அவருக்குச் சிட்டாவில் பெயர் இல்லை, வங்கியில் வேலையும் இல்லை. மிராசுதார் முக்கால் ரூபாய் வட்டிக்கு வங்கியில் எடுத்து, அதே ஊரில் இரண்டு ரூபாய் வட்டிக்குக் கொடுத்ததும் நடக்கக் கூடியதாகவே இருந்தது.

1904-இலேயே கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. கும்பகோணம் பேங்கும் அதே வருஷம்தான். கூட்டுறவுச் சங்கங்கள் மெல்ல மெல்லக் கிராமத்துக்கு வந்தன, அங்கேயும் தலைவர் நாற்காலியில் பெரும்பாலும் நிலம் உள்ளவர்களே உட்கார்ந்தார்கள். 1952-இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1969 ஜூலை 19-இல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அதில் இருந்தன. சிறு விவசாயி வங்கிப் படியேறுவது அதன் பிறகே சாதாரண விஷயமானது. கும்பகோணத்து வங்கி அளவில் சிறியது, அது தனியாராகவே தொடர்ந்தது.

கும்பகோணம் பேங்க் முதல் கிளை திறக்க 25 வருஷம் ஆனது உண்மையா?

உண்மை. முதல் கிளை மன்னார்குடியில், 1930 ஜனவரி 24. அதற்குள் பல வங்கிகள் பிறந்து, வளர்ந்து, செத்தும் போய்விட்டன. அடுத்தடுத்து நாகப்பட்டினம், சன்னாநல்லூர், அய்யம்பேட்டை, திருக்காட்டுப்பள்ளி, திருவாரூர், மாயவரம், பொறையார், மணப்பாறை என்று கிளைகள் வந்தன. மணப்பாறையைத் தவிர எல்லாமே பழைய தஞ்சாவூர் ஜில்லாவுக்குள். வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள், ரயில் பாதையும் ஆற்றுக் கிளைகளும் தானாகத் தெரியும். இது கோழைத்தனம் என்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 1938-இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி சரிந்தபோது தென்னிந்தியா முழுக்கக் கூட்டம் கவுண்டரை மொய்த்தது. தெரிந்த ஊரோடு நின்ற வங்கிக்கு அந்த மாதிரி நாட்களைத் தாண்டுவது சுலபம். 1945 மார்ச் 22-இல் ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையிலும், அதாவது ரிசர்வ் வங்கி அங்கீகரித்த வங்கிகளின் பட்டியலிலும், இடம் கிடைத்தது.

பெயர் ஏன் மாறியது? யூனியன் பேங்க் ஆஃப் இந்தியாவோடு தொடர்பு உண்டா?

ஒரு தொடர்பும் கிடையாது. 1957-இல் காமன்வெல்த் பேங்க் என்ற சிறிய வங்கியை எடுத்துக்கொண்டது. 1965-இல் சிட்டி ஃபார்வர்ட் பேங்க், யூனியன் பேங்க் லிமிடெட் என்ற இரண்டு சிறிய வங்கிகள் சேர்ந்தன. மூன்று பெயரையும் கோத்து கும்பகோணம் சிட்டி யூனியன் பேங்க் ஆனது. 1987-இல் ஊர்ப் பெயர் விழுந்து, சிட்டி யூனியன் பேங்க் மட்டும் மிஞ்சியது. தலைமையகம் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை.

1960-களில் இத்தனை இணைப்புகள் ஏன் என்றால், 1960-இல் கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டது. அந்த அதிர்ச்சியில் பலவீனமான வங்கிகளைக் கட்டாயமாக இணைக்கும் அதிகாரம் ரிசர்வ் வங்கிக்கு வந்தது. 1951-இல் இந்தியாவில் 566 வணிக வங்கிகள், 1969-இல் நூற்றுக்கும் கீழே. டெபாசிட் காப்பீடும் இந்தச் சூழலில்தான் வந்தது: 1962-இல் ஆளுக்கு 1,500 ரூபாய் வரை, 2020 முதல் 5 லட்சம் வரை.

தஞ்சாவூரில் இருந்த வங்கி என்ன ஆயிற்று?

1901-இல் பிறந்த பேங்க் ஆஃப் தஞ்சாவூர் கும்பகோணத்து வங்கிக்கு மூத்தது. 157 கிளை வரை வளர்ந்து, நிலை தடுமாறி, 1990-இல் இந்தியன் வங்கியோடு இணைந்தது. பெரியவர்கள் சிலர் இன்னும் அந்தக் கிளைகளைத் "தஞ்சாவூர் பேங்க்" என்றே சொல்வார்கள்.

நாகப்பட்டினத்தில் பார்க்க ஏதாவது உண்டா?

வங்கி வரலாற்றில் நாகப்பட்டினம் கும்பகோணத்துக்கு மூத்தது. டச்சுக்காரர்கள் 1658 முதல் 1781 வரை வைத்திருந்த துறைமுகம். 1861-இல் தஞ்சாவூரோடு ரயில் இணைத்தது. மெட்ராஸ் வங்கி டெல்டாவில் கிளை வைக்க இந்தத் துறைமுகத்தைத்தான் தேர்ந்தெடுத்தது. அந்த வங்கி 1921-இல் இம்பீரியல் வங்கிக்குள் போனது, அது 1955-இல் ஸ்டேட் வங்கி ஆனது. இங்கே பணத்துக்கு ஆதாரம் நெல் மட்டுமல்ல, கடலும்தான். இலங்கைக்கு அரிசி, பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல், அங்கே போனவர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம். கும்பகோணம் பார்த்த கையோடு ஒரு அரை நாள் ஒதுக்குங்கள், ஆனால் கட்டடத்தை விடத் துறைமுகத் தெருக்களில் நடப்பதே அதிகம் சொல்லும்.

தாத்தா பெட்டியில் பழைய டெபாசிட் ரசீது கிடைத்தது. பணம் கிடைக்குமா?

வாய்ப்பு உண்டு. வங்கி வேறொன்றோடு இணைந்திருந்தால் அதன் பொறுப்புகள் பொதுவாக எடுத்துக்கொண்ட வங்கிக்குப் போயிருக்கும். ஆகவே தஞ்சாவூர் வங்கி ரசீது என்றால் இந்தியன் வங்கியில் கேட்க வேண்டும். 10 வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும், ஆனால் உரிமை போகாது, வங்கி மூலமாகவே கோரலாம். 2023-இல் ரிசர்வ் வங்கி தொடங்கிய உத்கம் தளத்தில் பல வங்கிகளை ஒரே இடத்தில் தேடலாம். வாரிசுச் சான்று, இறப்புச் சான்று, அடையாள அட்டை வேண்டும். பங்குப் பத்திரமாக இருந்தால் வழி வேறு: ஏழு வருஷம் தொடர்ந்து ஈவுத்தொகை கோராத பங்குகள் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும், அங்கே விண்ணப்பிக்க வேண்டும். தொகையைப் பற்றிக் கனவு காணாதீர்கள். 1940-இல் போட்ட 50 ரூபாய் என்ன பெருகினாலும் வேட்டி சட்டை வாங்கத்தான் காணும். பங்கு என்றால் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

எப்போது வரலாம், படம் எடுக்கலாமா?

வெளியே தெருவில் நின்று எடுக்கலாம். உள்ளே கூடாது, பெட்டக அறைப் பக்கம் கேட்கவே வேண்டாம். இயங்குகிற வங்கியில் அது பாதுகாப்பு விஷயம். மேலாளரைப் பார்த்து விவரம் சொன்னால், கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால், உட்கார வைத்துப் பழைய கதை பேசுவார்கள், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். மாத முதல் வாரத்தில் வராதீர்கள், பென்ஷன் கூட்டம். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமையும் ஞாயிறும் விடுமுறை.

சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி விடியற்காலை கும்பகோணத்தில் இறக்கிவிடும். பகல் பயணம் பிடிக்கும் என்றால் சோழன் எக்ஸ்பிரஸ். தஞ்சாவூரிலிருந்து 40 கிலோமீட்டர், பஸ் எந்நேரமும் உண்டு. ஸ்டேஷனிலிருந்து பெரிய தெருவுக்கு ஆட்டோ பிடிப்பதானால் "பேங்க்" என்று மட்டும் சொல்லாதீர்கள், எந்த பேங்க் என்று கேட்பார்கள்.